மூணு பெரிய மனுசனும் ஒரு வலைக்கயிறும்

ஒரு ஊர்ல, கடலோரத்துல, அஞ்சலாட்சின்னு ஒருத்தி இருந்தா. "ம்" கொட்டு குட்டி, இல்லேன்னா நிறுத்திருவேன். ஆங், அப்படி.

அவ புருசன் கலியமூர்த்தி காலைல மீன் பிடிக்கப் போனான். நடுக்கடல்ல இன்ஜின் டுபுக்குன்னு நின்னுபோச்சு. போன்ல கத்துறான்: "நம்ம கரையிலேருந்து கிழக்கே மூணு மைலு, வடக்கே நாலு மைலு. நங்கூரம் போட்டுட்டேன். ஓட்டை வழியா தண்ணி குபுகுபுன்னு ஏறுது, சீக்கிரம் வாங்க!"

கரையில இருந்தது ஒரே ஒரு போட்டு. அதுல டீசல் பத்து மைலுக்குத்தான். போயிட்டுத் திரும்பியும் வரணும்ல?

அப்போ வந்தாங்க பாரு மூணு அறிவாளிங்க! மொதல்ல நாட்டாமை. மீசையைத் தடவிக்கிட்டு, "மூணும் நாலும் ஏழு. போகவர பதினாலு. டீசல் பத்தாது, மனசைத் தேத்திக்க"ன்னாரு. அவரு மகனா அங்க முங்குறான்?

அப்புறம் போட்டு ஓனரு. "மொதல்ல கிழக்கே போ, அப்புறம் வடக்கே திரும்பு"ன்னாரு. அதுவும் ஏழுதானேய்யா! கடல்ல என்ன தெருமுக்கா இருக்கு, திரும்பிப் போறதுக்கு?

மூணாவது நாட்டாமை மாப்பிள்ளை, காலேஜ் படிச்ச தொரை. "குறுக்கே போனா அஞ்சு மைலுதான்"ன்னான். அட, மண்டைல ஏதோ இருக்கேன்னு பாத்தா, "கிழக்குக்கும் வடக்குக்கும் நட்டநடுவுல ஓட்டுங்க"ங்குறான். மூணும் நாலும் ஒண்ணாடா மாடே? நடுவுல ஓட்டினா வெறும் தண்ணிதான் இருக்கும். தூங்கிட்டியா? ம், சரி.

அஞ்சலாட்சி அவங்களைத் தள்ளிட்டு முன்னால வந்தா. திசைகாட்டிய மணல்ல வச்சா. மைலுக்கு ஒரு அடின்னு கிழக்கே மூணு அடிக்கு ஒரு கோடு, அது முனையிலேருந்து வடக்கே நாலு அடிக்கு ஒரு கோடு. கெளம்புன எடத்துலேருந்து முடிஞ்ச எடத்துக்கு வலைக்கயித்தை விறுக்குன்னு இழுத்துக் கட்டினா. அளந்தா, அஞ்சே அடி! "போக அஞ்சு, வர அஞ்சு, டீசல் போதும்"னா. அப்புறம் கயித்தோரமா திசைகாட்டிய வச்சு கொழுந்தன்கிட்ட காமிச்சா: "கயிறு வடக்குப் பக்கமாத்தான் அதிகம் சாயுது பாரு. இந்தத் திசைய விடாதே தம்பி, ஓட்டு!"

டப் டப் டப் டப்னு போனான். சரியா அஞ்சாவது மைலு. கலியமூர்த்தி போட்டு முங்குது, அவன் கையைத் தூக்குறான், தம்பிக்காரன் லபக்குன்னு இழுத்துப் போட்டான்.

கரையில எறங்கினதும் கலியமூர்த்தி, "நான் இருந்த எடத்துக்கு வழி சொன்னது யாரு?"ன்னான். மூணு பேரும் முந்திக்கிட்டு, "நான்தான்!"

"எந்தப் பக்கம்னு காட்டுங்க பாப்போம்."

மூணு கையும் மூணு பக்கம் நீண்டுச்சு, தூ! அதுல நாட்டாமை கை ஊர்ப் பக்கம்.

கலியமூர்த்தி அவங்களை விட்டுட்டு, மணல்ல கெடந்த கயித்தைப் புடிச்சுக்கிட்டே நடந்தான். அதோட மறுமுனையில அஞ்சலாட்சி உக்காந்து, அப்பதான் அழ ஆரம்பிச்சிருந்தா.

கதை கரை ஏறிருச்சு. நீ கண்ணை மூடு.