ஏடு வரும்வரை நிமிரக் கூடாது

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், மகிழ்மாறன் என்றோர் அரசன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் ஒரு கிறுக்கு. வழக்கில் யார் வந்து "ஆதாரம் இருக்கிறது, அவகாசம் வேண்டும்" என்றாலும், "இது உனக்குக் கடைசி வாய்ப்பு" என்று சொல்லி அனுப்புவான். அப்படிச் சொல்வதில் அவனுக்கு அலாதி சுகம். அதனால் ஒரே ஆளுக்கு மூன்று நான்கு கடைசி வாய்ப்புகள்கூடக் கிடைத்தன.

இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர் பிரதானி கேசவராயர். அவர் வாய்க்கால் மடையை அடைத்து, பவளாயி என்ற உழவுப் பெண்ணின் வயலுக்குப் போகிற தண்ணீரைத் தன் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் திருப்பிக்கொண்டார். கேட்டால், தண்ணீர் முழுவதும் எங்களுக்கே என்று தாத்தா காலத்துச் செப்பேடு இருக்கிறது என்றார். ஏடு முதலில் காசியில் இருந்தது. பிறகு பெட்டிச் சாவி தொலைந்தது. இப்போது பெட்டியே மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டதாம்.

"ஒரே ஒரு மாத அவகாசம், அரசே," என்றார்.

பவளாயி அழுதேவிட்டாள். "சாமி, நெல்லு பால் புடிக்கிற நேரமுங்க. இன்னும் நாலு நாள் தண்ணி இல்லேன்னா அத்தனையும் பதராப் போயிருமுங்க. அப்புறம் ஏடு வந்தா என்ன, வராட்டி என்னங்க?"

அரசன் சங்கடப்பட்டான். "இது அவருக்குக் கடைசி வாய்ப்பு, அம்மா. அதுவரை எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும்."

அவளை அவைக்கு அழைத்து வந்தவன் அரசவை விகடன் அம்பலக்கூத்தன். அவனைக் கண்டாலே கேசவராயருக்கு வயிறு எரியும். "அரசே, இந்த ஆணையைக் காக்கும் பொறுப்பைக் கூத்தனிடமே ஒப்படையுங்கள்," என்றார். தான் அழைத்து வந்தவளின் பயிர் காய்வதை அவனே காவல் நின்று பார்க்கட்டும் என்ற நல்லெண்ணம்!

"அப்படியே ஆகட்டும். கூத்தா, ஏடு வரும்வரை இந்த நொடியில் உள்ளது எதுவும் அசையக் கூடாது. அசைந்தால் உன் பதவி போகும்," என்றபடி அரசன் மோர்ச்செம்பைக் கையில் எடுத்தான். கேசவராயர் நன்றி சொல்ல இடுப்பை வளைத்துக் குனிந்தார்.

"அப்படியே நில்லுங்கள்!" கூத்தன் ஒரே பாய்ச்சலாக நடுவில் வந்தான். "பிரதானியாரே, நிமிராதீர்கள். சாமரக்காரரே, கை அந்தரத்திலேயே இருக்கட்டும். அரசே, பொறுத்தருள வேண்டும், செம்பு உதட்டுக்குப் போகக் கூடாது."

"மடையைத்தானே சொன்னார்!" என்று குனிந்தபடியே கத்தினார் கேசவராயர்.

"எதுவும் அசையக் கூடாது என்றார். அதில் மடை அடங்குமென்றால் தங்கள் முதுகும் அடங்கும். ஏடு வந்ததும் தாராளமாக நிமிரலாம்."

அரசனுக்குக் கோபம் வரவில்லை. இது எங்கே போய் முடியும் என்று பார்க்கிற ஆவல்தான் வந்தது. செம்பை ஏந்தியபடி உட்கார்ந்திருந்தான். சாமரம் நின்றதில் அவை முழுக்க வியர்த்தது. பிரதானியாரின் தலைப்பாகை சரிந்து மூக்கில் வந்து நின்றது. ஒரு நாழிகை போயிற்று.

"கூத்தா, தொண்டை வறளுகிறதே," என்றான் அரசன் மெதுவாக.

"தெரியும், அரசே. மோர் நான்கு விரல் தள்ளித்தான் இருக்கிறது. பவளாயியின் வயலுக்கும் வாய்க்கால் அவ்வளவு பக்கம்தான்."

அரசன் பவளாயியைப் பார்த்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. "பிரதானியாரே, உண்மையைச் சொல்லும். ஏடு எப்போது வரும்?"

"ஒரு மாதம்..." என்று தொடங்கியவர் இடுப்பைப் பிடிக்கப் போனார்.

"கையை அசைக்காதீர்கள்!" என்றான் கூத்தன்.

"இல்லை, பத்து நாளில்... நாளைக்கே... ஐயோ, ஏடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! என்னை நிமிர விடுங்கள்!"

"மடையைத் திறங்கள்!" என்று அரசன் எழுந்து நின்று கூவினான். பவளாயி கும்பிடக்கூட நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலைப் பார்க்க ஓடினாள்.

அறுப்பு முடியும்வரை அந்த மடைக்குக் கேசவராயரே காவல் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் பாவம், அனுமதி கிடைத்தும் அவரால் நிமிர முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு காவலர்கள் அவரைக் குனிந்த கோலத்திலேயே தூக்கிக்கொண்டு மடைக்குப் போனார்கள். அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டுவிட்டான்.