முந்நூறாவது வண்ணத்துப்பூச்சி

ஓணாங்குடிக்காரர்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அந்த ஊருக்கு வேறு எதிரி தேவைப்பட்டதில்லை.

பங்குனியில் மலையிலிருந்து வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே போகும். அந்த வருஷம் வன அலுவலரம்மா வந்தார். "எந்த ஊர் வழியா அதிகம் போகுதோ அந்த ஊருக்கு 'வண்ணத்துப்பூச்சி ஊர்'னு பலகை வைப்போம். தொடக் கூடாது, விரட்டக் கூடாது. நீங்களே எண்ணி எழுதணும். உள்ளே வந்த கணக்கும் வெளியே போன கணக்கும் ஒத்துப்போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓணாங்குடி வீரபாகுவுக்குச் சோறு இறங்கவில்லை. கிழக்கே அடுத்த ஊர் நெட்டூர். அவன் தங்கச்சி புருஷன் தவசிமுத்து அங்கேதான் இருக்கிறான். பலகை அங்கே போனால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான்.

மேற்கு எல்லையில் சடையாண்டியையும் கிழக்கு எல்லையில் பொன்னுலிங்கத்தையும் எண்ண நிறுத்தினான். நெஞ்சுப் பையில் தங்கச்சி நீல நூலால் வண்ணத்துப்பூச்சி பின்னிக்கொடுத்த சட்டையை ராசிக்காகப் போட்டுக்கொண்டு, காலையில் மேற்கு எல்லைவரை போய்ப் பார்த்துவிட்டு ஊருக்குள் திரும்பினான்.

சாயங்காலம் கணக்கு வந்தது. உள்ளே வந்தது முந்நூறு. வெளியே போனது இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

"ஒண்ணு ஊருக்குள்ளதான் இருக்கு" என்றான் சடையாண்டி.

ஊரே தேடியது. அண்டாக்களைக் கவிழ்த்தார்கள். பஞ்சாயத்துத் தலைவரின் வாய்க்குள்ளும் பார்த்தார்கள். அது எப்போதும் திறந்தே இருப்பதால் சந்தேகம்.

கடைசியில் பொன்னுலிங்கம் வீரபாகுவின் நெஞ்சைக் காட்டிக் கத்தினான்: "மாமா, அசையாதீங்க! நீலமா ஒண்ணு!"

"தட்டிவிடட்டுமா?"

"விரட்டக் கூடாதுல்ல!"

"அப்ப சட்டையைக் கழட்டுறேன்."

"தொடாம எப்படிக் கழட்டுவீங்க?"

பூச்சியைச் சுமக்கிற ஆளையே எல்லை தாண்ட வைப்பது என்று முடிவானது. வீரபாகு மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தான். எல்லைக்கல்லைத் தாண்டியதும் பொன்னுலிங்கம் "முந்நூறு!" என்று கூவினான்.

கல்லுக்கு அந்தப் பக்கம் நோட்டோடு உட்கார்ந்திருந்த தவசிமுத்து எழுந்தான்.

"வாங்க மச்சான். அடடா, என்ன லட்சணமான பூச்சி! என் வீட்டுக்காரி பின்னினாக்கூட இப்படி வராது. சரி, எங்களுக்கும் முந்நூறு ஆச்சு. இப்ப அது எங்க ஊர்லதானே நிக்குது!"

வீரபாகுவுக்கு நெஞ்சு பகீரென்றது. அப்போதும் பூச்சி பறக்கவில்லை.

திரும்பி நடந்தால் பூச்சி மேற்கே போனதாகிவிடும். எனவே முகம் கிழக்கைப் பார்த்தபடியே, ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்து, கல்லைத் தாண்டி ஊருக்குள் வந்தான்.

"மாமா, உள்ள வருது! ஒண்ணைக் கழிச்சிடவா?"

"கண்ணைத் தொறந்து பாருடா! அது கிழக்கதானடா போயிட்டிருக்கு!"

தவசிமுத்து பூச்சியின் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

"நியாயம்தான்" என்று தன் நோட்டில் ஒன்றை அடித்தான். "இன்னும் எங்க ஊருக்கு வந்து சேரல. வந்துட்டே இருக்கு."

சொல்லிவிட்டு, வருகிற பூச்சிக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று பாதையை விட்டு ஒதுங்கி நின்றான்.