ஏறுசாத்தன் பிறந்த ஊர்

மலைநாட்டை ஆண்ட நங்கையரசியிடம் தத்தன் என்றொரு விசாரணை அதிகாரி இருந்தான். பாலைக் குடித்து முடித்த பிறகும் அது பால்தானா என்று பாத்திரத்தைத் திருப்பிப் பார்க்கிற ஆள். அதனாலேயே அரசிக்கு அவன்மேல் நம்பிக்கை. அவன் ஒருமுறை மாட்டிக்கொண்ட சங்கடம்தான் இந்தக் கதை. கவனமாகக் கேளுங்கள், தீர்ப்பு உங்களுடையது.

அந்த நாட்டில் ஏறுசாத்தனின் பெயரை அறியாதவர்கள் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன், ஊர்களில் ஆண்களே இல்லாத ஒரு போர்க்காலத்தில், கொள்ளையடிக்க வந்த நூறு குதிரைக்காரர்களைக் கணவாயில் மறித்துத் திருப்பி அனுப்பியவன் அவன். அதற்குப் பின் அவனை யாரும் பார்க்கவில்லை. துறவியாகிவிட்டான் என்றார்கள், புலி அடித்துவிட்டது என்றார்கள். ஆனாலும் அவன் பெயருக்குப் பயந்து கொள்ளையர்கள் இன்றுவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மழை பொய்த்த ஒரு வருடம், ஏறுசாத்தன் பிறந்த ஊரில் ஏரி வெட்டுவதாக அரசி அறிவித்தாள். ஒரே வாரத்தில் மூன்று ஊர்கள் உரிமை கேட்டு வந்து நின்றன.

“போய் விசாரி. பார்த்ததையும் கேட்டதையும் சபையில் ஒளிக்காமல் சொல்லவேண்டும்” என்றாள் அரசி. அப்படியே செய்வதாகத் தத்தன் சத்தியம் செய்தான்.

ஈச்சங்குடித் தலைவர் பட்டுத்துணியைப் பிரித்து ஒரு வாளைக் காட்டினார். ஏறுசாத்தன் ஏந்திய வாளாம். தத்தன் அதன் கைப்பிடியை முகர்ந்து பார்த்தான். புதிதாய் இழைத்த மரத்தின் வாசனை இன்னும் போகவில்லை. வாளைத் திருப்பிக் கொடுத்தான்.

கூவல்பாடியில் ஏறுசாத்தன் பெயர் பொறித்த நடுகல் இருந்தது. கல் முழுக்கப் பழைய பாசி; எழுத்துகள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. வேறு யாரோ ஒருவனுக்கு நட்ட கல்லில், அவன் பெயரைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வெட்டியிருந்தார்கள். “இந்தக் கல்லுக்குச் சொந்தக்காரன் யார்?” என்று தத்தன் கேட்டான். ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

மூன்றாவது ஊர் நெடுங்கரடு. கணவாயின் வாயிலேயே இருக்கும் ஊர். ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு மலை இறங்கி ஏறவேண்டும். உரிமை கேட்டு வந்தவள் மாசாத்தி, ஆடு வளர்ப்பவள், நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“உன்னிடம் என்ன சாட்சி இருக்கிறது?”

“யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுங்க ஐயா, சொல்றேன்.”

இன்னொரு வாள்தானே வரப்போகிறது என்ற அலட்சியத்தில் தத்தன் வாக்குக் கொடுத்தான்.

“அப்படி ஒருத்தர் பொறக்கவே இல்லைங்க” என்றாள் மாசாத்தி.

குதிரைகள் வருவது தெரிந்ததும் ஊர்ப் பெண்கள் ஆடுகளின் வாலில் முள்கிளைகளைக் கட்டி மலைமேல் விரட்டியிருக்கிறார்கள். புழுதி வானத்தை மறைத்தது. முன்னால் போன கிடாவின் பெயர் சாத்தன். அது பாதியில் முரண்டு பிடித்து நிற்க, அப்போது சிறுமியாக இருந்த மாசாத்தி, “ஏறு சாத்தா! ஏறு சாத்தா!” என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். பாறைகள் அதை நூறு குரலாக்கித் திருப்பின. யாரோ ஒரு தளபதியின் பேரைச் சொல்லிப் பெரும்படை முழங்குகிறது என்று நினைத்த குதிரைக்காரர்கள் வந்த வழியே ஓடிவிட்டார்கள். கதையைப் பரப்பியவர்களும் அவர்கள்தான்.

தத்தன் லேசில் நம்புவானா? அன்று கூட இருந்த மூன்று பெண்களைத் தனித்தனியே விசாரித்தான். ஒருத்தி முப்பது ஆடு என்றாள், ஒருத்தி ஐம்பது என்றாள், ஒருத்திக்கு எண்ணிக்கையே நினைவில்லை. ஒப்பித்ததுபோல் ஒரே மாதிரி சொல்லியிருந்தால்தான் அவன் சந்தேகப்பட்டிருப்பான். பிறகு கணவாயின் அடியில் நின்றுகொண்டு மாசாத்தியை மேலிருந்து கத்தச் சொன்னான். அந்தச் சத்தம் வந்து மோதியபோது அவனுக்கே உடம்பு சிலிர்த்தது.

சபை கூடியது. பல நாட்டு வணிகர்களும் வந்திருந்தார்கள். வாளும் கல்லும் போலி என்று தத்தன் சொன்னான். “நெடுங்கரடு?” என்றாள் அரசி. தத்தன் மாசாத்தியைப் பார்த்தான். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. உண்மையைச் சொன்னால் அவளுக்குத் தந்த வாக்குப் போகும். வணிகர்கள் வழியாக ஒரே மாதத்தில் கொள்ளையர்களுக்கும் தெரிந்துவிடும். ஒளித்தால் அரசிக்குச் செய்த சத்தியம் போகும். அங்கே பிறந்தான் என்றாலோ, அது பொய்.

தத்தன் எந்த வாக்கைக் காப்பது சரி? ஏரி எந்த ஊருக்குச் சேரவேண்டும்?

விடை இது. ஒரு வாக்கிலிருந்து நம்மை விடுவிக்க, அதை நம்மிடம் வாங்கியவரால் மட்டுமே முடியும். தத்தன் இரண்டையும் மீறவில்லை. “நெடுங்கரட்டில் ஒன்று கேள்விப்பட்டேன், அரசியே. அதைச் சொல்லவேண்டியவள் இவள். தனியே கேளுங்கள்; சபையில் சொல்வதாகச் செய்த சத்தியத்திலிருந்து என்னை விடுவியுங்கள்” என்றான். அரசி அவனை விடுவித்து, சபையைக் கலைத்துவிட்டு மாசாத்தியிடம் எல்லாவற்றையும் கேட்டறிந்தாள். ஏறுசாத்தன் வேறெங்கும் பிறக்கவில்லை. அந்தப் பெயர் முதலில் ஒலித்த இடம் நெடுங்கரடு. அதனால் ஏரி அந்த ஊருக்கே என்று தீர்ப்பானது. காரணம் வெளியே சொல்லப்படவில்லை. மாசாத்தி போன பிறகு அரசி தத்தனிடம் கேட்டாள்: “இவளும் பொய் சொல்லியிருந்தால்?” “இருக்கலாம்” என்றான் தத்தன். “நானும் இன்னும் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஏரிக்காகப் பொய் சொல்ல வருகிறவள், அவன் எங்கள் ஊரில் பிறந்தான் என்றுதானே சொல்வாள்? பிறக்கவே இல்லை என்று ஏன் சொல்லப்போகிறாள்?”