விருத்தகிரியின் பின்னால் போன வாத்துக் குஞ்சுகள்

நெடுங்காலத்துக்கு முன் கோரைக்குளம் என்ற நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றுவான். மாற்றியதை மறந்தும் போவான். அவனுடைய அமைச்சர் ஏகாம்பரம், மனைவி மக்கள் இல்லாத மனிதர்.

ஒருநாள் ராஜா சபையைப் பார்த்து, "நீங்களெல்லாம் என் பின்னால் வருவது அன்பினாலா, சம்பளத்துக்காகவா?" என்று கேட்டான்.

"அன்பினால்தான் மகாராஜா!" என்று சபையே முழங்கியது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் விருத்தகிரி. அமைச்சர் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர்.

"ஏகாம்பரம், நீர் ஏன் வாய் திறக்கவில்லை?"

"சம்பளத்தை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் மகாராஜா."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்படியா? உம்முடைய சம்பளத்தை நிறுத்தினேன். பதவியும் போயிற்று! கயிறு, கம்பு, தீனி எதுவும் இல்லாமல் ஓர் உயிராவது உம் பின்னால் வருகிறதா பார்ப்போம். பௌர்ணமியன்று அதைச் சபைக்குக் கூட்டி வந்தால் பதவி உமக்கே. இல்லையென்றால் நாட்டைவிட்டே போய்விடும்!"

ஏகாம்பரம் ஊருக்கு வெளியே குளக்கரைக் குடிசை ஒன்றில் ஒதுங்கினார். அதுவரை அவர் வாசலில் காத்துக் கிடந்தவர்கள், குளிக்க வந்தால்கூட அந்தக் கரைக்கு வராமல் சுற்றிப் போனார்கள். அவர்கள் பெயர்களைச் சொல்லிக் கதையை அழுக்காக்குவானேன்? பேச ஆளில்லாமல் அவருக்குத் தன் குரலே மறந்துவிடும் போலிருந்தது.

ஒரு விடியலில் நரி ஒரு காட்டு வாத்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. புல்லுக்குள் முட்டைகள் அநாதையாகக் கிடந்தன. ஏகாம்பரம் அவற்றைப் பானையில் வெதுவெதுப்பான உமிக்குள் வைத்து, அடுப்போரமாகப் பாதுகாத்தார். வாத்து மேய்ப்பவர்களோடு பழகியவர் அவர். முட்டையை விட்டு வரும் குஞ்சு, முதலில் எது அசையக் காண்கிறதோ அதையே தாயென்று எண்ணி அதன் பின்னாலேயே போகும். போகாமல் தனியே நின்றால் பருந்து தூக்கிவிடும். அந்த இனம் பிழைத்துக் கிடப்பதே இந்தப் பழக்கத்தால்தான்.

நாள் முழுக்க அவர் முட்டைகளோடு பேசிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்த விருத்தகிரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அமைச்சரே, முட்டைகளோடு மந்திராலோசனையா?"

"ஆமாம் விருத்தகிரியாரே. இவை முகத்துதி செய்வதில்லை. பொரிந்ததும் என்னோடு சபைக்கு வரும்."

மறுநாள் ஏகாம்பரம் குளித்துவிட்டுத் திரும்பியபோது பானையைக் காணவில்லை.

அதைத் தூக்கிப் போனவர் விருத்தகிரிதான். முட்டைகளை வறுத்துத் தின்றுவிடலாமென்று வீட்டில் மூடியைத் திறந்தார். ஓடுகள் உடைந்து, ஈரக் குஞ்சுகள் அவர் முகத்தையே பார்த்தன.

பௌர்ணமியன்று ஏகாம்பரம் தனியாகச் சபைக்கு வந்தார். விருத்தகிரி வந்தபோதோ, பின்னால் குஞ்சுகள் வரிசையாகக் கீச்சிட்டு வந்தன.

"மகாராஜா! என் வீட்டு வாத்து அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள். என் அன்புக்குக் கட்டுப்பட்டு வருகின்றன. இனி யார் அமைச்சர் என்று தாங்களே சொல்லுங்கள்!"

ராஜா கைதட்டினான்.

"ஒரு விண்ணப்பம்," என்றார் ஏகாம்பரம். "அந்தத் தாய் வாத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்."

காவலர்கள் விருத்தகிரியின் வீட்டு வாத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அது கத்தியதும் குஞ்சுகள் மிரண்டு விருத்தகிரியின் வேட்டிக்குள் ஒளிந்தன. அவர் உதறினார். தூணைச் சுற்றி ஓடினார். அவையும் ஓடின. சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"மகாராஜா, தாயிடம் பொரிந்த குஞ்சு தாயை விட்டு வராது. இவை பிறந்தபோது எதிரே தாய் இல்லை. இவர் முகம்தான் இருந்தது. தாயில்லாத முட்டைகள் என் பானையில் இருந்தன. விருத்தகிரியாரே, என் பானை எங்கே?"

"பானையை நான் உடைக்கவில்லை!" என்று விருத்தகிரி உளறிவிட்டார்.

"திருட்டை அன்பு என்றா சொன்னீர்?" என்று ராஜா எழுந்தான். "குஞ்சுகள் பறக்கும்வரை அந்தக் குடிசையில் கிடந்து தாயாக இரும்! ஏகாம்பரம், பதவி உமக்கே. வேறென்ன வேண்டும்?"

"அந்தக் குஞ்சுகள், மகாராஜா."

"எடுத்துக்கொள்ளும்!"

தலைகுனிந்து வெளியேறிய விருத்தகிரியின் பின்னால் அவை போய்க்கொண்டிருந்தன. ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்து, முட்டைகளோடு பேசிய அதே குரலில் அழைத்தார். கடைசிக் குஞ்சு நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு மற்றவற்றைப் பிடிக்க ஓடிவிட்டது.

"கூடையில் போட்டுத் தரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் மகாராஜா. அவரிடமிருந்து பிரித்தால் கத்தியே செத்துப்போகும்."

அவர் எழுந்து வீட்டை நோக்கி நடந்தார். "அமைச்சரே! அமைச்சரே!" என்று சபையே அவர் பின்னால் வந்தது. ஒருமுறைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.