சபாபதி செய்த பெஞ்ச்

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேடாதீர்கள். இந்தக் கதையின் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, பெயர் நாச்சியார். கட்டடக்கலை படித்தவர். யாருக்கும் வேண்டாமல் போன புத்தகங்களைக் கொண்டு முக்காலி, பெஞ்ச், விளக்குக்கூடு என்று செய்து விற்பவர். சீடருக்கோ தலையெல்லாம் நரை. பெயர் சபாபதி. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் சீடரானதே ஒரு மனக்குறையால்தான். வேலையின் கடைசி வருடத்தில் ஆற்றுவெள்ளம் நூலகத்துக்குள் புகுந்துவிட்டது. நனைந்த புத்தகங்களைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. கையெழுத்துப் போட்டவர் சபாபதி. பழைய பேப்பர்காரர் வண்டியில் ஏற்றும்போது பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவை நாச்சியாரின் பட்டறைக்குப் போயிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டார். பார்த்துவிட்டு வரலாம் என்று போனவர், தொழில் கற்றுக்கொள்கிறேன் என்று அங்கேயே ஒட்டிக்கொண்டார். அட்டையை மடக்கினாலே சண்டைக்குப் போகிற மனுஷன் ரம்பம் பிடிக்கப் போகிறாராக்கும் என்று அவர் மனைவி கேலி செய்தார்.

தொழில் சீக்கிரமே பிடிபட்டது. புத்தகங்களை நன்றாகக் காயவைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை தடவி, அடுக்கி இறுக்கினால் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். அறுக்கலாம், இழைக்கலாம். சபாபதிக்குச் சுத்தமான கை, வேகம்தான் இல்லை. பட்டறைத் தரையெல்லாம் புத்தகம், எங்கே அடியெடுத்து வைத்தாலும் ஏதாவது ஒன்றின்மேல் கால் பட்டுவிடும். உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பாதி நாள் வேலையில் போனால் மீதி நாள் இதில் போனது. நாச்சியார் அதைப் பார்த்துக்கொண்டே தன் வேலையைச் செய்வார்.

பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெஞ்ச் கேட்டார்கள். மாதப் பரிசோதனைக்கு வருகிற பெண்கள் வராந்தாவில் கால் கடுக்க நிற்கிறார்களாம். நாச்சியார் அந்த வேலையை முழுசாகச் சபாபதியிடம் விட்டார். அவர் தனியாகச் செய்யப்போகும் முதல் பொருள் அதுதான்.

மனிதர் உயிரைக் கொடுத்துச் செய்தார். தான் தள்ளுபடி செய்த புத்தகங்களையே தேடி எடுத்தார். உட்காரும் பலகை முழுக்க அட்டைகள் மேல்நோக்கி இருந்தன. ஒவ்வொன்றின் தலைப்பும் பளிச்சென்று தெரிந்தது. அதுவும் எப்படி? நூலகத் தட்டில் இருந்த அதே எண் வரிசையில். தத்துவத்தில் தொடங்கி வரலாற்றில் முடியும். மேலே வார்னிஷ் பூசியதும் எழுத்தெல்லாம் ஈரம் பட்டாற்போல் மின்னியது. செய்த பாவத்துக்கு இது போதும் என்று சபாபதி நினைத்தார்.

நாச்சியார் சுற்றி வந்து பார்த்தார்.

"உக்காந்து பாத்தீங்களா சார்?"

"அமுக்கிப் பாத்தேம்மா. யானை உக்காந்தாலும் தாங்கும்."

"யானையைக் கேக்கல" என்றார் நாச்சியார். பெஞ்சை அப்படியே அனுப்பிவைத்தார்.

சில நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெஞ்சைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சபாபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால் ஏதும் ஆடுகிறதோ, பசை விட்டுவிட்டதோ என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே நாச்சியாருடன் போனார்.

பெஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு முழம் மல்லிகைப்பூகூட இருந்தது. வருகிற பெண்கள் ஒவ்வொருவரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். முதலில் சபாபதிக்கு உடம்பு சிலிர்த்தது. என் புத்தகங்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று ஒரு கணம் பூரித்துப்போனார்.

தலைமை நர்ஸ் எஸ்தர் அந்தப் பூரிப்பை நிற்கவிடவில்லை. "உக்கார பெஞ்ச் கேட்டோம் சார். நீங்க கோயில் அனுப்பிட்டீங்க. நின்னவங்க எல்லாம் இன்னும் நின்னுக்கிட்டுதான் இருக்காங்க."

அப்போதுதான் அவர் அந்தப் பெண்ணைக் கவனித்தார். பேச்சியம்மாள் என்று பெயர். நிறைமாதம். பாதம் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் அழுந்தியிருந்தது. கால் மாற்றிக் கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

சபாபதி அவளிடம் போய் உட்காரச் சொன்னார். அவள் பதறிவிட்டாள். சரஸ்வதி மேல் எப்படி உட்காருவது, பிறக்கப்போகிற பிள்ளைக்குப் படிப்பு ஏறாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றாள். ஒன்றும் ஆகாது, இதைச் செய்தவனே நான்தான் என்று அவர் தைரியம் சொன்னார்.

"அப்ப நீங்க உக்காருங்கய்யா" என்றாள் அவள். "நீங்க உக்காந்தா நானும் உக்காருதேன்."

அவள் எதிர்த்துப் பேசவில்லை, நிஜமாகவே கேட்டாள். சபாபதி பெஞ்சைப் பார்த்தார். வேட்டியை ஒதுக்கினார். முழங்கால் மடங்க மறுத்தது.

நாச்சியாரிடம் திரும்பி வந்தார். இதைப் பட்டறைக்கே கொண்டுபோய்விடலாம், மேலே ரெக்சின் போட்டு மூடிவிடலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று காதோடு சொன்னார்.

"மூடலாம் சார், ஒரு நாள் வேலைதான்" என்றார் நாச்சியார். "அது வரைக்கும்?"

சொல்லிவிட்டு அவரும் போய்ப் பேச்சியம்மாளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். உள்ளே யாரோ ஒருத்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள். பேச்சியம்மாளின் முறை வர இன்னும் நேரமிருந்தது. அவள் மறுபடியும் கால் மாற்றினாள். வலியில் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குமேல் சபாபதியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விறுவிறுவென்று போய் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் பாரத்தைக் கொடுக்காமல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டிருந்தார். மெல்லக் கையை எடுத்தார். பெஞ்ச் முனகாமல் அவரைத் தாங்கியது.

பேச்சியம்மாள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு பூவை ஒதுக்கிவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி மறுமுனையில் மெதுவாக உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள், அப்புறம் இன்னொருத்தி. நடுவில் இடம் போதாமல் சபாபதியை எழுந்திருக்கச் சொன்னார்கள்.

எழுந்து வந்தவரின் முகம் தெளியவில்லை. அந்தப் பெண்கள் சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஏதோ உறுத்தியது. வாசல்வரை நடந்தவர், படியில் நின்றுவிட்டார்.

"ஆயுசு பூரா கும்பிட்டதும்மா அது. இன்னைக்கு அது மேல ஏறி உக்காந்துட்டேன். என்னை மன்னிக்குமா?"

நாச்சியார் திரும்பிப் பார்த்தார்.

"சின்னப் பிள்ளையில உங்கம்மா மடியில ஏறும்போது, கால் பட்டுடுச்சேன்னு அவங்க எந்திரிச்சா போயிட்டாங்க சார்?"