இரண்டு முத்திரை வைத்த ஓலை

கணவாயில் வெள்ளாறை என்று ஒரு சிற்றூர் இருந்தது. அதன் தலைவன் கண்ணந்தை. ஊருக்கு மேலே குன்றில் ஒரு சமணப் பெண் துறவி தங்கியிருந்தார். குரத்தியார் என்பார்கள். கண்ணந்தையைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவன் அவருக்குச் சீடன்.

கணவாய்க்கு மேற்கே ஓர் அரசு, கிழக்கே ஓர் அரசு. மிளகு வண்டிகள் கீழைக்கடல் போவதற்கு மேற்கு அரசன் அங்கே சாலை வெட்டினான். வெள்ளாறை மக்களும் கல் சுமந்தார்கள்.

“வண்டி வரும் பாதையில் போர் யானையும் வரும்” என்றான் கிழக்கு அரசன். கணவாயில் படையைக் கொண்டுவந்து நிறுத்தினான். சாலையைக் காக்கவென்று மேற்குப் படையும் வந்தது.

ஒரு நண்பகலில் வெள்ளாறை எரிந்தது. எந்தப் படை தீ வைத்தது என்று இன்றுவரை தெரியாது. முப்பத்திரண்டு பேர் செத்தார்கள். கண்ணந்தையின் மகள் எயினியும் அவர்களில் ஒருத்தி. மிஞ்சியவர்கள் மலைக்குகைகளில் ஒண்டினார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்துக் கண்ணந்தை மூச்சிரைக்கக் குன்றேறி வந்தான். கையில் ஓலை.

“அம்மையே, சமாதானம்! ஒரே ஓலையில் இரண்டு அரசர் முத்திரையும் இருக்கிறது. சாலையைச் சேர்ந்தே போடுகிறார்களாம். என் ஒப்புதலுக்காகத் தூதர்கள் கீழே நிற்கிறார்கள்.”

குரத்தியார் மயிற்பீலியால் பாறையைத் துடைத்து, எறும்பு இல்லையென்று பார்த்து உட்கார்ந்தார்.

“வாசி.”

“‘மிளகுக்காடு முதல் கீழைக்கடல் வரை, இரு அரசரும் கூடித் தடையற்ற வழி அமைப்போம்.’ அப்புறம் சத்திரம், காவல் சாவடி, யானை கட்டும் இடம், எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறது.”

கண்ணந்தை ஓலையைத் தாழ்த்தினான்.

“குகையில் குழந்தைகள் இருமிக்கொண்டே கிடக்கின்றன, அம்மையே. போன மழையில் இரண்டு போய்விட்டன. எல்லோரையும் இறக்கி வந்து பழைய இடத்திலேயே வீடு கட்டட்டுமா?”

“ஓலையில் உன் ஊர் எங்கே இருக்கிறது?”

அவன் விரல் வைத்துத் தேடினான். ஓலை முடிந்தது. மறுபடி முதலிலிருந்து தேடினான்.

“காணோம். எழுத மறந்திருப்பார்கள்.”

“மறக்கவில்லை. முதல் வரியை வாசி.”

“‘மிளகுக்காடு முதல் கீழைக்கடல் வரை, இரு அரசரும் கூடித் தடையற்ற...’”

“நிறுத்து. தடை என்று எழுதியிருக்கிறதே, அதுதான் வெள்ளாறை.”