சிவம்மாவின் தம்பி

மதியம் கல்வி அதிகாரி வருகிறார். காலை மணி அடிக்கும் முன்பே சேர்மத்துரை தலைமை ஆசிரியை அறை வாசலில் வந்து நின்றார்.

தாளவாடி மலையில், வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகள் படிக்கிற தமிழ்ப் பள்ளி அது. சேர்மத்துரை திருநெல்வேலிக்காரர். ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறார். தலைமை ஆசிரியை நாகரத்னா அவரைவிட இளையவர். ஆனாலும் தொழிலில் ஒரு சந்தேகம் என்றால் சேர்மத்துரை அவரிடம்தான் போவார். அதில் கௌரவம் பார்த்ததில்லை.

"டீச்சர், சிவம்மாவ இன்னைக்கு மட்டும் மூணாங்கிளாஸ்ல உக்கார வச்சிரட்டுமா?"

"ஏனுங்க சார்?"

"இங்கிலீஷ்ல வாயத் தொறக்க மாட்டுக்கா. பிள்ளைங்க பேசலன்னா கிளாஸ வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு போன தடவையே சொல்லிட்டுப் போயிருக்காரு."

அதிகாரி வரும் நாளில் பேசாத பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் ஒளித்து வைப்பது பள்ளிக்கூடங்களில் காலகாலமாக நடப்பதுதான். எதற்காக அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொள்வது பெரியவர்களுக்குச் சௌகரியம்.

"அவளப் பேச வைக்க என்ன செஞ்சீங்க?"

"எல்லாம் செஞ்சேன். தப்பு விட்டா ஸ்கேலால மேசையத் தட்டுவேன். பிள்ளய ஒரு நாளும் அடிச்சதில்ல டீச்சர், மேசையத்தான். தட்டுனா நிறுத்திட்டு முதல்லருந்து சொல்லணும். ஒரு தப்பக்கூட விட்டதில்ல."

கடைசியில் சொன்னதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மணி அடித்தது. நாகரத்னா எழுந்தார். "வாங்க, கிளாஸுக்குப் போலாம்."

வகுப்பில் அவர் சேர்மத்துரையின் நாற்காலியில் உட்கார்ந்து, மர ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சார், அங்க நில்லுங்க. காலைல என்ன சாப்பிட்டீங்கன்னு இவங்களுக்குக் கன்னடத்துல சொல்லுங்க."

இவ்வளவுதானா என்று சேர்மத்துரை சிரித்தார்.

"நானு…"

டக்.

"நானு இட்லி…"

டக்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்குக் காது சூடேறியது. எது தப்பு என்று புரியவில்லை. மறுபடி வாயெடுத்தார். ஸ்கேல் உயர்ந்தது. இன்னும் மேசையில் விழக்கூட இல்லை, அதற்குள் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டுவிட்டது. வாயில் கொழுக்கட்டையா என்று அவர் எத்தனை பிள்ளைகளைக் கேட்டிருப்பார்!

சிவம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கன்னடம் வரும் டீச்சர்," என்றார் மெதுவாக. "தினமும் கடையில பேசுதேன்."

"கடக்காரர் கையில ஸ்கேல் இருக்குதுங்களா?"

நாகரத்னா ஸ்கேலை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

"சிவம்மா எங்க உக்காரணும்னு சொல்லலியே?"

"அவ எடத்துல."

மதியம் அதிகாரி வந்தார். பின்னாலேயே நாகரத்னாவும் வந்து கதவோரம் நின்றார். அதிகாரியின் விரல் நேராகச் சிவம்மாவிடம் போனது.

காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

சிவம்மா எழுந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள்.

"ஐ… ஈட்டிங்… களி."

சேர்மத்துரையின் கை தானாக ஸ்கேலுக்குப் போனது. பழக்கம் அப்படி. ஸ்கேலைப் பிடித்தும்விட்டார். அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். வகுப்பு முழுக்க அந்தக் கையைப் பார்த்தது.

கை மேசையிலேயே கிடந்தது.

"அப்புறம்?" என்றார் சேர்மத்துரை.

"மை அம்மா மேக்கிங் களி. களி வெரி ஹாட். மை தம்பி ஹேண்ட் புட்டிங். தம்பி க்ரையிங், க்ரையிங்…"

மூச்சு விடாமல் சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

"வாக்கியத்துக்கு வாக்கியம் தப்பு. கவனிச்சீங்களா?" என்றார் அதிகாரி.

"கவனிச்சேன் சார்."

"அடுத்த மாசம் வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா இந்த கிளாஸ் உங்களுக்கு இல்ல."

ஜீப் இறங்கிப் போகிற சத்தம் கேட்கும்வரை சேர்மத்துரை ஸ்கேலை விடவில்லை. விட்டபோது உள்ளங்கையில் கோடு பதிந்திருந்தது. சந்தோஷமும் பயமும் சேர்ந்து அவரைப் போட்டு ஆட்டின.

"பேசிட்டா டீச்சர். ஆனா அத்தனையும் தப்பு. இனி எங்கருந்து ஆரம்பிக்க?"

"தம்பி கை சுட்டுக்கிச்சுன்னு சொன்னாளே, இப்ப எப்படி இருக்குன்னு கேட்டீங்களா சார்?"